அலமாரியும் அடையாள அட்டையும்

1848இல் புனேயில் இரண்டு கதவுகள் திறந்தன. ஒன்று, ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் பிடே வாடாவில் பெண் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளி. மற்றொன்று, இன்று புனே நகர் வாசன் மந்திர் எனப்படும் நூலகம். பெண்கள் எழுத்தறிய முதல் கதவு வழிவிட்டது. அறிந்த எழுத்தைக் கொண்டு தமக்கு உரியதைக் கேட்டுப் பெற இரண்டாவது கதவு உதவுகிறதா?

மகாராஷ்டிர நூலகங்களுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. 1967ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்கீழ் அரசு மானியம் பெறும் ஆயிரக்கணக்கான நூலகங்களை உள்ளூர்ச் சங்கங்களே நடத்துகின்றன. தெருக்கோடியில், தாய்மொழியில், தெரிந்த முகங்களுக்கு நடுவே அவை இயங்குகின்றன. "நூலகத்துக்குப் போய் வருகிறேன்" என்றால் பல வீடுகளில் மறுகேள்வி எழாது. வேறெந்தப் பொது இடத்துக்கும் அவ்வளவு எளிதில் கிடைக்காத அனுமதி அது.

பலவீனம் பணத்தில் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்க வழிசெய்தது; மகாராஷ்டிரச் சட்டத்தில் அந்த வரி இல்லை. எனவே நூலகங்கள் மானியத்தையும் சந்தாவையும் நம்பியிருக்கின்றன. சந்தா கட்டுபவருக்குப் பிடித்த நாவல்கள் அலமாரியை நிறைக்கின்றன. சந்தா கட்ட இயலாதவளின் கேள்வி வாசலிலேயே நின்றுவிடுகிறது.

அந்தக் கேள்வி என்னவென்பதைப் புனேயில் குப்பை பொறுக்கும் பெண்களிடம் கற்கலாம். எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்விப் பணியாளர்கள் அவர்களிடம் எழுத்தறிவோடு போனார்கள். பெண்களுக்கு அதைவிட அவசரமாகத் தேவைப்பட்டவை தரம்பிரித்த குப்பையும், போலீஸ்காரரிடம் காட்ட ஓர் அடையாள அட்டையும். அதைக் காதுகொடுத்துக் கேட்டதன் விளைவுதான் 1993இல் உருவான 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்னும் தொழிற்சங்கம். தகவலைக் கையாளும் அறிவுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் அது நூலகத்தில் நடக்கவில்லை.

இன்றைய வாய்ப்பு கண்முன்னே இருக்கிறது. பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தரும் மகாராஷ்டிர அரசின் 'லாட்கி பஹீண்' திட்டம் 2024இல் வந்தது. விண்ணப்பம், ஆதார் இணைப்பு, ஓ.டி.பி. என ஒவ்வொரு படியிலும் பெண்கள் யாரையோ நம்ப வேண்டியிருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு பொத்தானை அழுத்திக் கொடுப்பவர் கடைக்குக் கடை உண்டு. எந்தச் செய்தி போலி, ஓ.டி.பி.யை ஏன் யாரிடமும் சொல்லக்கூடாது, நிராகரித்தால் எங்கே முறையிடலாம் என்று பொறுமையாகச் சொல்லித்தருபவர்தான் இல்லை. நூலகர் அவராகலாம். அதற்குப் போதிய சம்பளமும் பயிற்சியும், வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஏற்ற நேரமும் வேண்டும். மகளிர் தினத்தன்று ஒரு சொற்பொழிவு வைத்தால் அந்தக் கடன் தீராது.

எத்தனை பெண்கள் உறுப்பினர் என்று பதிவேடு சொல்லும். எத்தனை பேர் கேள்வியோடு வந்து, விடையோடு திரும்பினார்கள் என்பதற்கும் அதில் ஒரு பத்தி இருக்கட்டும்.