வளைகோடும் மரபணுவும்: மதுரை உயிர்க்கடிகார ஆய்வுகள் மீதான ஒரு மறுவாசிப்பு

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவர்தம் மாணாக்கரும் நிகழ்த்திய உயிர்க்கடிகார ஆய்வுகளை, மரபணுச் சான்றுகளுக்கு முந்தைய வெறும் நடத்தைப் பதிவுகளாகக் கருதும் போக்கு உண்டு. கால வரிசையிலேயே இது பிழை. கடிகார காலத்தை 19 மணியாகக் குறைத்தும் 28 மணியாக நீட்டியும் காட்டிய பழ ஈயின் திரிபுகளைக் கொனோப்காவும் பென்சரும் 1971-லேயே வெளியிட்டுவிட்டனர். கருத்து நிலையிலும் இம்மதிப்பீடு ஏற்கத்தக்கதன்று.

மதுரை வயல்வெளிச் சுண்டெலியை (மஸ் பூடுகா) தொடர் இருளில் வைத்து, வெவ்வேறு வேளைகளில் சிறிது நேரம் ஒளி காட்டி, அடுத்த நாள்களில் அதன் இயக்கம் எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என அளந்தால் கட்டத் துலங்கல் வளைகோடு கிடைக்கும். அகஇரவின் முற்பகுதியில் படும் ஒளி கடிகாரத்தைப் பின்தள்ளும். பிற்பகுதியில் படுவது முன்தள்ளும். கடிகாரத்தின் இயல்புக் காலம் 24 மணிக்கு எவ்வளவு குறைவோ, அவ்வளவு பிந்துதலைத் தரும் புள்ளியில் நாள்தோறும் ஒளி வந்து பொருந்தும். ஆகவே இவ்வளைகோடு வெறும் வருணனையன்று. முன்கணிப்புத் தரும் கணித மாதிரி.

மரபணுத் தரவு இதனுடன் எங்ஙனம் இணைகிறது? பழ ஈயில் ஒளி ‘டைம்லெஸ்’ புரதத்தை அழிப்பது 1996-இல் தெளிவாயிற்று. முன்னிரவில் தூது ஆர்.என்.ஏ. மிகுந்திருப்பதால் அழிந்த புரதம் மீண்டும் நிரம்புகிறது, கடிகாரம் பிந்துகிறது. பின்னிரவில் அது குறைந்திருப்பதால் முந்துகிறது. ஆய்வக எலியிலோ ஒளி ‘பெர்1’ மரபணுவைத் தூண்டுவதாக 1997-இல் கண்டனர். ஒன்றில் அழிவு, மற்றொன்றில் ஆக்கம். வளைகோட்டின் பொதுவடிவம் ஒன்றே. எனவே வடிவத்திலிருந்து மரபணு இயக்கத்தை உய்த்துணர்தல் இயலாது. கோல்ட்பெட்டர் 1995-இல் அமைத்தது போன்ற வேதிவினை மாதிரிகளிலும் ஒரே கால அளவை வெவ்வேறு மாறிலித் தொகுதிகள் தரக்கூடும். இவற்றுள் எது பொருந்தும் எனத் தெரிவு செய்ய வளைகோடே வேண்டும்.

ஆய்வக எலியின் மரபணுத் தரவை அப்படியே வயல் சுண்டெலிக்கு ஏற்றிச் சொல்வதே இவ்விணைப்பின் வலுவற்ற பகுதி. பெரிதும் பயன்படும் உட்கலப்பு எலி வகைகளுள் ஒன்றான சி57-இல் மெலடோனின்கூட ஏறத்தாழ இல்லை! அத்தகைய விலங்கின் மாறிலிகளைக் கொண்டு காட்டு விலங்கின் வளைகோட்டை விளக்குவது ஐயத்திற்குரியது.

குகை வௌவால் இதனினும் கடினமான சான்று. ஹிப்போசிடரஸ் ஸ்பியோரிஸ் பற்றிய 1981-ஆம் ஆண்டு மதுரை ஆய்வில், இருட்குகையில் அடைபட்ட வௌவால், கூட்டத்தின் போக்குவரத்தோடு தன் பறப்பு நேரத்தைப் பொருத்திக்கொண்டது. கூட்டம் நீங்கியபின் தன்போக்கில் இயங்கியது. இங்கு உள்ளீடு ஒளியன்று. ஒளிக்கென எழுதப்பட்ட சமன்பாட்டில் கூட்டத்தின் இருப்பை எந்த மாறி சுட்டும் என்பதை மரபணு மாதிரியாளர் முதலில் கூற வேண்டும்.