பறவைநாகமான சிறுவன்

கற்பனைக் கதைகள் சிறுவர்க்குப் பொழுதுபோக்கேயன்றிப் பிறிது பயனில்லன என்பது கல்வி பயிற்றுவாருட் பலர் கருத்து. வேறு சிலர் அவற்றை ஏற்பினும், கதையின் ஈற்றில் ஒரு நீதியைக் கட்டித் தொங்கவிட்டு, அதனை மாணாக்கர் ஒப்பித்துவிடின் ஒழுக்கம் அமைந்துவிட்டதென மகிழ்வர். இவ்விரு திறத்தாரும் நோக்கற்பாலதொரு கதை ஆங்கிலத்தில் உண்டு. சைவ நன்மக்கள் அதனைத் தம் சித்தாந்த அளவைகொண்டு அளந்து, கொள்ளுவன கொண்டு தள்ளுவன தள்ளுதல் தகும்.

1898-இல் பெல்பாஸ்ட் நகரிற் பிறந்து, ஆக்ஸ்போர்டிலும் பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் ஆசிரியராயிருந்து, 1963-இல் மறைந்தவர் ஸி. எஸ். லூயிஸ். அவர் 1950 முதல் 1956 வரை வெளியிட்ட நார்னியாக் கதைகள் ஏழனுள், 1952-இல் வந்த நூல் 'டான் டிரெடர்' என்னும் மரக்கலத்தின் கடற்செலவைக் கூறுவது. லூயிஸ் கிறித்தவர், அக்கதைகளில் வரும் அஸ்லான் என்னும் சிங்கத்தைத் தம் சமயக் கொள்கை பற்றியே அமைத்தார். அதனை மறைத்துப் பாராட்ட வேண்டுவதில்லை.

அக்கலத்திற் செல்லும் சிறுவருள் யூஸ்டஸ் என்பான் தன்னலமும் முறையீடும் சோம்பலும் உடையவன். செய்தி திரட்டிய நூல்களையன்றிப் பிறவற்றைப் பயின்றிலன். ஏற்றுமதி இறக்குமதிகளைப்பற்றி அவனுக்கு ஒருவாறு தெரியும். டிராகன் என மேலைநாட்டார் கூறும் பறவைநாகத்தை நேரிற் கண்டும் இன்னதென அறியான். உணர்வைப் பண்படுத்தாது அறிவை மட்டும் தீட்டும் கல்வியை 1943-இல் வெளியான தம் நூலொன்றிற் கடிந்த லூயிஸ், ஈண்டு அதன் விளைவையே சிறுவன் வடிவிற் காட்டினார் எனலாம். அவன் பெற்றோர் புலாலும் மதுவும் விலக்கியவர் என்பதனையும் நகைக்குரிய புதுமோகமாக அவர் எழுதிவிட்டார். உயிரிரக்கத்தினின்று பிறக்கும் நோன்பினை அறியாதார் கூற்று அது. அதனைத் தள்ளி மேற்செல்க.

ஒரு தீவில் தோழரெல்லாம் வேலைசெய்ய, யூஸ்டஸ் மட்டும் நழுவிச் சென்றான். இறந்துபட்ட பறவைநாகத்தின் பொற்குவையைக் கண்டு, வளையொன்றைக் கையில் ஏற்றிக்கொண்டு, பேராசை எண்ணங்களோடு அக்குவைமேல் உறங்கினான். விழித்தபோது தானே பறவைநாகமாயிருந்தான். விரும்பி அணிந்த வளை பருத்த முன்காலை இறுக்கி வருத்திற்று. பிறர் தனக்குப் பகைவரல்லர் என்பதும், தானே அவர்க்குச் சுமையாயிருந்தமையும் அப்பொழுதுதான் அவனுக்குப் புலனாயின. பின்னர் உடைந்த பாய்மரத்திற்கு ஒரு பெருமரத்தைப் பறித்துக் கொணர்ந்தும், குளிரில் நடுங்குவார்க்கு வெப்பமளித்தும் உதவினான். முன்பு கண்டிக்கப்பட்டபோது தோன்றாத அன்பு, வினைப்பயனை நுகர்ந்தபோது தோன்றிற்று. மலம் பக்குவமெய்தும் வரை மறைந்து நின்று உதவும் திரோதான சத்தியின் தொழிலை உணர்ந்தார்க்கு இது புதிதன்று.

ஒருநாள் இரவு சிங்கம் அவனை மலைமேலுள்ள ஒரு சோலைக்கு அழைத்துச் சென்று, ஆண்டுள்ள நீரில் மூழ்குமுன் உடையைக் களையுமாறு பணித்தது. அவன் தன் தோலைத் தானே உரித்தான். உள்ளே அதே செதிள். மும்முறை உரித்தும் அவ்வாறே. மும்முறை என்றமையின் இது மும்மலத்தைக் குறித்ததென்று உரைப்பாரும் உளராகலாம்; உரிந்தன யாவும் ஒருதன்மையவாகலின் அது பொருந்தாது. பின்பு சிங்கம் தன் உகிராற் கிழிக்க வேண்டுமென, அவன் அஞ்சியும் இசைந்து மல்லாந்து கிடந்தான். நெஞ்சளவும் சென்றது அந்நோவு. ஆயினும் மீண்டும் சிறுவனானான். உயிர் தன் முயற்சியொன்றானே மலத்தை நீக்கிக்கொள்ளமாட்டாது, அருளே நீக்கவேண்டும் என்னும் நம் கொள்கைக்கும், அவ்வருள் நோவாய்த் தோன்றும்போது அதனை மறக்கருணை என்னும் நம் வழக்கிற்கும் இத்துணை அணுக்கமான சிறுவர் கதை பிறமொழியிற் காண்டல் அரிது.

வேற்றுமையும் உண்டு. ஆணவம் செம்பிற் களிம்பும் நெல்லின் உமியும் போல அநாதியே உயிரோடு உடனாயது. கதையிலுள்ள தோலோ ஒருநாள் உறக்கத்தில் வந்தேறியது. ஆகவே பறவைநாக உடம்பை ஆணவமென்னாது, ஆணவத்தால் ஈட்டிய வினை தந்த உடம்பென்று கொள்ளுதலே முறை. அவ்வுடம்பு வருமுன்னரே அச்சிறுவன் அத்தன்மையனாயிருந்தமை இதற்குச் சான்று. ஐம்புல வேடருள் வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனைச் சிவஞானபோத எட்டாஞ் சூத்திரம் உவமையாற் காட்டும். ஆண்டு உரியது அறியாமையின் நீக்கம், ஈண்டுக் காட்டியது வினையுடம்பின் நீக்கம். இவ்வேறுபாட்டை விளக்காது இக்கதையைச் சைவ மாணாக்கர்க்கு உரைப்பின் மயக்கம் விளையும்.

இனி, கல்வி பயிற்றுவார் பிழைபடக் கொள்ளத்தக்க இடம் ஒன்றுளது. கிழித்தலால் திருந்தினான் என்று கேட்டவுடன், பிரம்பெடுத்த ஆசிரியர் தம்மையே அச்சிங்கமாக எண்ணிக்கொள்ளல் எளிது. கதை அதற்கு இடந்தரவில்லை. கலத்திலுள்ள மாந்தருள் எவரும் அவன் தோலைக் கிழித்திலர். ரீப்பிசீப் என்னும் வீர எலி, தன் வாலைப் பற்றிச் சுழற்றிய யூஸ்டஸை முன்பு வாளின் தட்டையால் அடித்தது; அவன் மன்னிப்புக் கேட்டான், திருந்தினானல்லன். அதே எலிதான், அவன் உருமாறித் தனித்துக் கிடந்த இரவுகளில் அருகிலமர்ந்து, உயர்நிலையினின்று வீழ்ந்து மீண்ட அரசரும் புலவருமாகிய பலர் வரலாறுகளைக் கூறித் தேற்றியது. அச்சொற்கள் அப்பொழுது பெரிதும் ஆறுதலளித்தில எனினும் அவன் அவ்வன்பை மறந்திலன். அடித்த ஞான்றும் உடனிருந்த ஞான்றும் எலி ஒன்றே, பயன் வேறு. பள்ளியாசிரியர்க்கு இக்கதையில் உரிய இடம் சிங்கத்தினது அன்று, அவ்வெலியினது. மலநீக்கம் குருவடிவாய் வரும் இறைவன் செயல். உடனிருத்தல் மக்கள் செயல். பன்னிரண்டாஞ் சூத்திரம் மலங்கழிந்தார்க்கும் அடியார் இணக்கத்தை விதித்தலின், தொடக்க நிலையிலுள்ள சிறுவர்க்கு நல்லிணக்கம் எத்துணை வேண்டுமென்பது சொல்லாமே அமையும்.

திரும்பி வந்த யூஸ்டஸை முதலிற் கண்ட எட்மண்டும் அறிவுரை கூறிலன்; தான் அவனினும் தீயவனாய், காட்டிக்கொடுத்தவனாய் ஒருகாலத்து இருந்தமையை மட்டும் கூறினான். தம் பிழையை மாணாக்கர்முன் ஒப்பும் ஆசிரியர் மிகச் சிலரே.

அன்றுமுதல் அவன் முற்றும் நல்லவனானான் என்று லூயிஸ் எழுதாமை பாராட்டத்தக்கது. பழைய குணம் பின்னும் பலநாள் தலைகாட்டிற்று, ஆயினும் நோய் தணியத் தொடங்கிற்று என்றார். மலம் நீங்கியபின்னும் அதன் வாதனை தாக்குமென்னும் நம்மவர் இதனை உடன்படுவர். அந்நாட்களை விரித்துரையாது ஒருவரியில் அவர் கடந்து சென்றதுதான் குறை. பறவைநாகமாய் நின்ற சில நாட்களினும், சிறுவனாய்த் தவறித் தவறி எழுந்த நாட்களே வகுப்பறையில் அன்றாடம் காணப்படுவன.