ஆலையை விட்டு வந்த நாளில் இருந்தபடி

பழைய கார்களைப் புதுக்கும் கலையில் இன்றுள்ள பாணிகளைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டார்கள். எது உயர்ந்தது என்று எழுதச் சொல்லவில்லை. ஆனால் நம் சங்கத்தில் யார் யாரிடம் தொழில் கற்றவர் என்பது எல்லாருக்கும் தெரியும். இக்கட்டுரையாளர் லிங்கன் பெரியவரின் பட்டறையில் கைப்பழக்கம் பெற்றவர். அதை மறைத்து நடுநிலை வேடம் போடுவதில் பயனில்லை.

ஹெர்ஷி பாணியை உறுப்பினர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1935இல் பிறந்த ஆன்ட்டீக் ஆட்டோமொபைல் கிளப் ஆஃப் அமெரிக்கா வகுத்து, அதன் ஹெர்ஷி கண்காட்சியின் பெயரால் வழங்கும் நெறி அது. நடுவர்கள் 400 புள்ளியில் தொடங்கிக் கழித்துக்கொண்டே வருவார்கள். ஆலையை விட்டு வந்த நாளில் கார் எப்படி இருந்ததோ அதுதான் அளவுகோல். அதைவிட அழகாகச் செய்தாலும் கூடுதலாக ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. இந்தக் கண்டிப்புதான் அந்தப் பாணியின் கௌரவம்.

பெபிள் பீச் பாணி 1950இல் கலிபோர்னியாக் கடலோரத்தில் தொடங்கிய போட்டியின் வழியே வளர்ந்தது. அங்கே கண் முதலில் தேடுவது நேர்த்தி. கதவுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி நூல் பிடித்தாற்போல் இருக்கும். வண்ணத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. பார்க்கப் பரவசம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஐம்பதுகளின் கார் எதுவும் அப்படி விற்பனைக்கு வந்ததில்லை. ஃபோர்டு நிறுவனம் சூளையில் சுட்ட எனாமல் பூசியது. அதில் ஆரஞ்சுப்பழத் தோலின் மேடுபள்ளம் தெரியும். கேடிலாக் அந்தப் பத்தாண்டின் முற்பகுதியில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரும் இறுதியில் அக்ரிலிக் லாக்கரும் கண்டது. இன்றைய வண்ணத்தின் மேல் தெளிபூச்சு ஏற்றினால் வரும் ஆழம் அவற்றில் ஒன்றிலும் இல்லை.

மூன்றாவது கூட்டத்தார் புதுக்கவே மாட்டார்கள். கிழிந்த இருக்கை கிழிந்தபடியே இருக்கட்டும் என்பார்கள். ஒரு காலத்தில் இவர்களைச் சோம்பேறிகள் என்று நாமே கேலி செய்தோம். இன்று ஹெர்ஷியிலும் பெபிள் பீச்சிலும் இவர்களுக்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் உள்ள அதிபர் கென்னடியின் 1961 லிங்கன் காரை நம்மவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். அவர் அதில் சுடப்பட்ட 1963 நவம்பருக்குப் பின் அதற்குக் கவசமும் நிலையான கூரையும் பொருத்தி, 1977 வரை வெள்ளை மாளிகைப் பணியில் வைத்திருந்தார்கள். அருங்காட்சியகம் அதைப் பழைய திறந்த காராக மாற்றவில்லை. அந்தக் காரின் வரலாறு 1963இல் நின்றுவிடவில்லை என்பதால் அதுவே சரி.

இனி லிங்கன் பெரியவர். பெயரை அச்சிட்டால் கோபித்துக்கொள்வார். சங்கத்தில் அவரைத் தெரியாதவரும் இல்லை. லிங்கன் கார்கள் உருவான விக்ஸம் ஆலையில் வேலை பார்த்தவர்களிடமே தொழில் கற்றவர் அவர். எல்வுட் எங்கல் வரைந்த 1961 கான்டினென்டல்தான் அவருக்கு வேதம். முந்தைய ஆண்டுகளின் வால் சிறகையும் குரோம் குவியலையும் ஒரே வீச்சில் உதறிய கார். ஆலை ஒவ்வொன்றையும் 12 மைல் சாலையில் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பியது. 24,000 மைல் அல்லது இரண்டு ஆண்டு உத்தரவாதம் தந்தது. அன்றைய டெட்ராய்ட்டில் அது கேள்விப்படாத துணிச்சல்.

கார் வாங்கப் போகும் சீடனிடம் பெரியவர் சொல்வது ஒன்றுதான்: மேலே பார்க்காதே, கீழே படு. கான்டினென்டலுக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிகள் துருப்பிடித்துவிட்டால், மேலே எத்தனை வண்ணம் பூசினாலும் அது பிணத்துக்குச் செய்யும் அலங்காரம். கூரை மடங்கும் நான்கு கதவுக் காரை ஜாக்கியில் உயர்த்திப் பின்கதவைத் திறந்து மூடச் சொல்வார். மூடவில்லையென்றால் விலையைக்கூடக் கேட்காமல் திரும்பிவிடுவார்.

ஆவணத்திலும் இரு குலங்கள் உண்டு. கேடிலாக் வாங்குபவர் ஆலை ஆவணங்களைத் தேடினால், ஆலையில் அந்தக் கார் எந்த நிறத்தில், எந்தெந்தக் கூடுதல் வசதிகளோடு பிறந்தது என்ற தாள் கிடைக்கும். லிங்கன் உள்ளிட்ட 1967க்கு முந்தைய ஃபோர்டு கார்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கதவிலுள்ள தகட்டுக் குறியீடுகளைத்தான் நம்ப வேண்டும். அதனால்தான் லிங்கன் பாணியில் வளர்ந்தவர்கள் தகட்டைப் பிரித்தெடுப்பதைப் பாவமாகக் கருதுகிறார்கள்.

1961இல் கான்டினென்டலில் 2,857 திறந்த கார்கள்தான் வெளிவந்தன. எடை 5,000 பவுண்டுக்கு மேல். கூரையை மடக்கும் ஏற்பாடு ஒரு நாடகம்: டிக்கிக் கதவு முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்னோக்கித் திறக்கும், கூரை அதற்குள் இறங்கும், கதவு மீண்டும் மூடிப் பூட்டிக்கொள்ளும். எண்ணெய் பம்ப், மோட்டார், ரிலே, எல்லை ஸ்விட்ச் எல்லாம் ஒன்றன் கையை ஒன்று எதிர்பார்த்து நிற்கும். ஒன்று முரண்டு பிடித்தால் கூரை பாதி வழியில் நின்றுவிடும். பொறுமை இழந்தவர்கள் அத்தனையையும் கழற்றி எறிந்து புது மின்னணுப் பெட்டி வைத்துவிடுகிறார்கள். பெரியவர் முதலில் எர்த் கம்பிகளின் முனைகளைச் சுரண்டுவார். பாதி நோய் அங்கேயே தீரும். திறந்த கார்களின் மூலைகளில் அதிர்வை அடக்க ஆலை வைத்த கனத்த எடைகளையும், ஸ்டீயரிங் பம்பின் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் வைப்பரையும் அவர் இன்றுவரை மாற்றவிட்டதில்லை. எடையை வீண் சுமை என்று கழற்றிய ஒருவரின் காரில் உட்கார்ந்து வந்தபோது, கண்ணாடிச் சட்டம் நடுங்குவதைச் சுட்டிக்காட்டிச் சிரித்ததோடு சரி.

எல்லாக் கேள்விக்கும் ஹெர்ஷி நெறியில் விடை இருக்கிறதா என்றால், இல்லை. கேடிலாக்கின் 1957-58 எல்டொராடோ பிராம் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 13,074 டாலர், துருப்பிடிக்காத எஃகுக் கூரை. இரண்டு ஆண்டிலும் சேர்த்து 704 கார்கள்தான். அதன் காற்று சஸ்பென்ஷன் கசிந்து தொல்லை தந்ததால், பல கார்களுக்கு அன்றைய விற்பனையாளர்களே சுருள் ஸ்பிரிங் பொருத்திக் கொடுத்தார்கள். அன்றே மாறியதை இன்று காற்றுக்குத் திருப்ப வேண்டுமா? கேடிலாக் பாணியினர் திருப்ப வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு என்று லிங்கன் பட்டறையிலிருந்தே ஒப்புக்கொள்கிறோம். சஸ்பென்ஷன் என்று வந்துவிட்டால், 1955 பேக்கார்டின் முன்பின் சக்கரங்களை இணைக்கும் நீண்ட முறுக்குத் தண்டுகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுத வேண்டும். பேக்கார்டு குடும்பத்தார் அடுத்த மலரில் எழுதட்டும்.

இன்றைய நிலையைப் பற்றி ஒரு சொல். யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. நம் சங்கத்தில் அப்படி யாரும் இல்லை என்றே நம்புகிறோம். 1962 மாடல்களில் அமெரிக்கக் கார்களின் டயரிலிருந்த வெள்ளைப் பட்டை ஏறத்தாழ ஓர் அங்குலமாகச் சுருங்கியது. அன்றைய விளம்பரங்களைப் புரட்டினாலே தெரியும். இருந்தும் 1964 கான்டினென்டலுக்கு ஐம்பதுகளின் அகலப் பட்டை டயரை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். கேட்டால், "படத்தில் எடுப்பாகத் தெரிகிறது" என்கிறார்கள். பட்டை அகலமானதும் வீல் மூடி பொருந்தவில்லையாம். கம்பிச் சக்கரம் வருகிறது. சக்கரம் வந்ததும் காரைத் தாழ்த்துகிறார்கள். தாழ்ந்ததும் பழைய 430 கன அங்குல எஞ்சின் கசக்கிறது. நேற்று வந்த லாரி எஞ்சினைத் தூக்கி வைக்கிறார்கள். வைத்ததோடு விடாமல் "முழுமையாகப் புதுக்கப்பட்டது" என்று அட்டை எழுதி, பெரியவர்களின் கார்களுக்குப் பக்கத்திலேயே நிறுத்துகிறார்கள். கைதட்டலும் அவர்களுக்குத்தான். விலையும் அவர்களுக்குத்தான். கார் அவரவர் சொத்து, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். "புதுக்கப்பட்டது" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடலாம். இப்படியே போனால் இன்னும் இருபது ஆண்டில் ஓர் உண்மையான 1964 கான்டினென்டலைக் காட்டினால், "ஏன் டயர் இவ்வளவு கஞ்சத்தனமாக இருக்கிறது?" என்று குழந்தைகள் கேட்பார்கள். அன்று பதில் சொல்ல நாம் இருக்க மாட்டோம். பதில் தெரிந்தவரும் இருக்க மாட்டார்.

செயற்குழுவுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லிங்கன் பெரியவரும் அவர் வயதினரும் கழற்றிப் பார்த்த கார்களின் குறிப்புகள் இன்னும் டப்பாக்களில் கிடக்கின்றன: எந்தத் திருகு எந்தத் தலை, எந்த ஹோஸுக்கு எந்த வளையம், இருக்கைக்கு அடியில் எந்த நிற அட்டை. வரும் குளிர்காலத்துக்குள் அவற்றைப் பிரதியெடுத்துச் சங்க நூலகத்தில் சேர்க்க வேண்டும். காரைப் பிரிக்கும் இளைஞர்கள் முதல் திருகைத் தொடும் முன்பே படமெடுத்து ஒரு பிரதி அனுப்புங்கள். பழைய பட்டறைக் கையேடும் உதிரிப்பாகப் பட்டியலும் வைத்திருப்பவர்கள் இரவல் கொடுத்தாலே போதும். பத்திரமாகத் திருப்பித் தரும் பொறுப்பை இக்கட்டுரையாளர் ஏற்கிறார்.