'கார்' – இரண்டு ஒலியா, மூன்றா?

ஃபோனிக்ஸ் பயிற்சித் தாள்களில் தவறாமல் வரும் கேள்வி: இந்தச் சொல்லில் எத்தனை ஒலி? 'பாக்ஸ்' என்றால் எழுத்து மூன்று, ஒலி நான்கு. எக்ஸ் என்ற ஒரே எழுத்துக்குள்ள க், ஸ் இரண்டும் இருக்கு. சரிதான், இதுல தகராறு இல்லை.

என் தகராறு விடைத்தாளோடு. 'கார்' என்பதை எடுங்க. லண்டன் பேச்சில் கடைசி 'ர்' ஒலிக்காது, ஒலி இரண்டு. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் ஒலிக்கும், மூன்று. விடைத்தாளிலோ ஒரே எண். 'இங்கிலீஷ்ல 44 ஒலி'ன்னு அடிச்சுச் சொல்றாங்களே, அதுவும் தென் இங்கிலாந்துப் படித்தவர்கள் உச்சரிப்பின் கணக்குதான்: மெய் 24, உயிர் 20.

உச்சரிப்பு ஒன்றாகவே இருந்தாலும் எண்ணிக்கை மாறும். 'கோ' என்ற சொல்லுக்கு வழக்கமான விடை இரண்டு. ஆனால் 1951-இல் டிரேகரும் ஸ்மித்தும் ஆங்கில உயிர்களை ஒன்பதாகச் சுருக்கி, 'கோ'வின் உயிரை ஓர் உயிர், அதன் பின்னால் 'வ்' மாதிரி ஒன்று எனப் பிரித்தார்கள். அப்போ மூன்று! காதில் விழுவது என்னவோ அதேதான்.

1980-இல் லின்னியா ஈரியும் லீ வில்ஸும் வெளியிட்ட ஆய்வு ஒன்று அடிக்கடி மேற்கோளாக வரும். 'ரிச்' என்பதைவிட 'பிட்ச்' என்பதில் ஓர் ஒலி அதிகம் என்று நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எண்ணினார்கள். பிட்ச்-இன் எழுத்துக்கூட்டலில் 'டி' இருப்பதுதான் காரணம். பிள்ளைகளை எழுத்து ஏமாத்திடுச்சு என்பார்கள். பாதிதான் உண்மை. அந்த 'ச்' ஒலியைச் சொல்லும்போது நாக்கு முதலில் காற்றை அடைத்துப் பிறகு உரசலாக விடுகிறது, இரண்டு சொல்லிலுமே. 'பிட்ச்'சில் 'ட்' கேட்ட பிள்ளை இல்லாததைக் கேட்கவில்லை.

இன்னொன்று. 1979-இல் போர்ச்சுகலில் மொராய்ஸ் குழுவினர் சோதித்தபோது, படிக்கவே கற்றிராத பெரியவர்களில் பெரும்பாலோரால் ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்ல முடியவில்லை. வயது வந்தபின் படிக்கக் கற்றவர்களோ நன்றாகவே செய்தார்கள். ஒலியை எண்ணும் திறமையே பெரிதும் எழுத்து தந்தது என்றால், எழுத்தை மறந்து எண்ணு என்பது கொஞ்சம் அநியாயம். ('பா'வை ஓர் எழுத்தாக எண்ணிப் பழகிய நமக்குச் சட்டுன்னு புரியும்.)

எண்ணவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் 2012 முதல் நடக்கும் ஃபோனிக்ஸ் தேர்வில் பிள்ளை 40 சொற்களை வாய்விட்டுப் படிக்கணும். மதிப்பிடும்போது அவரவர் வட்டார உச்சரிப்பையும் கணக்கில் எடுக்கச் சொல்லியிருக்காங்க. பயிற்சித் தாளுக்கும் அது பொருந்தும். 'கார்' சொல்லச் சொல்லி, பிள்ளையின் வாயில் வருவதைக் கேட்டுவிட்டு மார்க் போடட்டும்.