கோடு போட்டு இணைக்கவும்

மகளின் யூகேஜி பொது அறிவுப் புத்தகத்தில் "வழிபாட்டுத் தலங்கள்" என்று ஒரு பக்கம். இடது பக்கம் நாலு கட்டடம், வலது பக்கம் நாலு பெயர். கோபுரம் என்றால் கோயில், குவிமாடம் என்றால் மசூதி, ஊசிக் கூரையும் சிலுவையும் இருந்தால் தேவாலயம், தங்க நிறம் என்றால் குருத்வாரா. கோடு போட்டு இணைக்கணும். நல்ல எண்ணத்தில் போட்ட பக்கம்தான். நான் படித்த காலத்தில் இப்படி ஒரு பக்கமே கிடையாது.

ஆனால் மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி, கத்தோலிக்கக் குடும்பம், சிலுவை வைத்த படத்திலிருந்து "கோயில்" என்ற சொல்லுக்குக் கோடு போட்டிருக்கிறாள். சிவப்பு மையில் தப்பு. அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் "கோயிலுக்குக் கிளம்பு"ன்னுதான் சொல்வாங்க. தமிழ்க் கத்தோலிக்கர் பேச்சில் இது சர்வ சாதாரணம். மாதா கோயில் என்று ஊரே சொல்லுதே! "தேவாலயம்" எழுத்தில் வரும் சொல். மற்ற பிள்ளைகள் அன்றைக்கு நாலு மதம் கற்றுக்கொண்டார்கள். இவள் கற்றுக்கொண்டது, எங்க வீட்டுல தப்பா பேசுறாங்க என்பது.

"பள்ளிவாசல்" என்ற சொல்லையும் அந்தப் பக்கம் விட்டுவிட்டது. அதில் இருக்கும் "பள்ளி" ஒரு காலத்தில் சமண முனிவர்களின் உறைவிடம். மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குகையின் தமிழ்-பிராமிக் கல்வெட்டிலேயே அந்தச் சொல் இருக்கு. பள்ளிக்கூடத்திலும் அதே பள்ளிதான். ஐந்து வயசுக்கு இது அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொல்லையாவது காதில் போட்டிருக்கலாம்.

அடுத்தது குவிமாடம். கீழக்கரை ஜும்மா பள்ளிவாசலின் உட்புறப் படத்தை மகளிடம் காட்டினேன். சீதக்காதி காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம்; வரிசையாகச் செதுக்கிய கல் தூண்கள், கல் கூரை. யோசிக்காமல் "கோயில்" என்றாள். தாஜ்மகாலைக் காட்டினால் "மசூதி". அது கல்லறை, மசூதி அதன் மேற்குப் பக்கம் தனியாக நிற்கிறது. அவளைக் குறை சொல்ல முடியாது. நாலே படம் கொடுத்துப் பழக்கின மெஷின் லேர்னிங் மாடலும் இப்படித்தான் உளறும் (அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்).

கட்டடத்தின் வெளிக்கோட்டைக் காட்டுவதற்குப் பதில், உள்ளே போனால் என்ன செய்யணும் என்று கேட்டிருக்கலாம். செருப்பை எங்கே விடணும்? கை கால் கழுவணுமா? தலையை மூடணுமா? எங்கே உட்காரணும்? சாப்பிட என்ன தருவாங்க? பள்ளிவாசலில் ஒளு செய்யும் தண்ணீர்த் தொட்டி, வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி, பெருமாள் கோயிலில் துளசித் தீர்த்தம். குழந்தைகள் இதையெல்லாம் மறக்காது.

போன மாதம் தி.நகர் ஜி.என். செட்டி சாலை குருத்வாராவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். தலையில் கர்சீப் கட்டி, தரையில் வரிசையில் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டாள். கட்டடம் என்ன நிறம் என்று கேட்டேன், ஞாபகம் இல்லை. திரும்பி வரும்போது அவள்தான் கேட்டாள்: "அப்பா, காசே வாங்காம எல்லாருக்கும் யாருப்பா சமைக்கிறாங்க?"