கடலில் கொட்டிய கோதுமை

டச்சுக் கதை என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது, கடல்நீரைத் தடுக்கும் கரையில் விழுந்த ஓட்டையை ராத்திரி முழுக்க விரலால் அடைத்துக்கொண்டிருந்த பையன்தான். நானும் பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பாடத்தில் படித்திருக்கிறேன். அதைப் பிரபலமாக்கியது மேரி மேப்ஸ் டாட்ஜ் என்ற அமெரிக்கர் எழுதி 1865-இல் வந்த 'ஹான்ஸ் பிரிங்கர்' நாவல். (அந்தப் பையன் ஹான்ஸ் பிரிங்கர் இல்லை. நாவலுக்குள் வரும் ஒரு பள்ளிப்பாடத்தில் வருகிற, பெயரில்லாத பையன்.) சுற்றுலா வருகிறவர்களுக்காக 1950-இல் ஸ்பார்ன்டாமில் அவனுக்குச் சிலையும் வைத்துவிட்டார்கள்.

சரி, உள்ளூர்க் கதைகள் எப்படி இருக்கும் என்று தேடியபோது வில்லியம் எலியட் கிரிஃபிஸ் 1918-இல் அமெரிக்கச் சிறுவர்களுக்காக எழுதிய டச்சு தேவதைக் கதைத் தொகுப்பு கிடைத்தது. குட்டன்பர்க் தளத்தில் இலவசம். பொருளடக்கத்தைப் பார்த்தால் சுற்றுலாக் கடை அலமாரி மாதிரி இருக்கிறது: சீஸ், மரச்செருப்பு, இருபது பாவாடை இளவரசி, நாரை. கிரிஃபிஸ் 1870-களில் ஜப்பானில் ஆசிரியராக இருந்தவர். அதனாலோ என்னவோ, ஜப்பானிய 'ஓனி' பூதம் ஒன்றும் ஹாலந்துக்குப் பயணம் போகிறது! ஜாலியாகப் படிக்கலாம். ஆனால் எது ஊர்க்கதை, எது அவர் கைச்சரக்கு என்று பிரிப்பது கஷ்டம்.

அதே தொகுப்பில் ஸ்டாவோரன் சீமாட்டி கதையும் இருக்கிறது. இது அசல் சரக்கு. ஸ்டாவோரன், ஃப்ரீஸ்லாந்தில் இருக்கும் பழைய துறைமுக ஊர். அங்கே ஒரு பணக்கார வியாபாரி அம்மா, உலகத்திலேயே விலைமதிப்பற்ற பொருளைக் கொண்டுவா என்று தன் கப்பல் தலைவனை அனுப்புகிறாள். அவன் டான்சிக்கிலிருந்து கோதுமை கொண்டுவருகிறான். கோபத்தில் எல்லாவற்றையும் கடலில் கொட்டச் சொல்கிறாள். ஏழைகள் கெஞ்சுகிறார்கள், கேட்கவில்லை. 'ஒருநாள் நீயும் பிச்சை எடுப்பாய்' என்று ஒருவர் எச்சரிக்க, விரலிலிருந்த மோதிரத்தைக் கடலில் எறிந்து, இது திரும்பி வந்தால் பார்க்கலாம் என்கிறாள். கொஞ்ச நாளில் மீன் வயிற்றில் மோதிரம் வந்துவிடுகிறது.

இங்கே நமக்கு சகுந்தலை ஞாபகம் வராமல் இருக்காது. ஆனால் அங்கே மீன் கொண்டுவரும் மோதிரம், மறந்த கணவனைச் சேர்த்துவைக்கிறது. இங்கே அதே மோதிரம் திவால் நோட்டீஸ்.

சிறுவர்களுக்கான சுருக்க வடிவங்கள் பலவும் அவள் பிச்சை எடுப்பதோடு கதையை முடித்துவிடுகின்றன. திமிர் கூடாது, சாப்பாட்டை வீணாக்கக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு இதுதான் பெரிய குறை. ஊர்க்கதை அங்கே முடியவில்லை. கோதுமை கொட்டிய இடத்தில் மணல்திட்டு எழும்பித் துறைமுகத்தை அடைக்கிறது. அதில் கோதுமை மாதிரியே ஒரு புல் முளைக்கிறது, கதிரில் மணி இல்லை. கப்பல் வராமல் ஊரே நொடித்துப்போகிறது.

அந்த மணல்திட்டு கற்பனை இல்லை. 'சீமாட்டி மணல்' என்று பொருள்படும் வ்ரோவெசாண்ட் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. துறைமுகம் மணல் மூடியதும் வரலாறுதான். ஏன் இப்படி ஆனது என்று ஊர்க்காரர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொண்ட விளக்கம் இந்தக் கதை. கோதுமையைத் தேர்ந்ததும் சும்மா இல்லை. பால்டிக் தானிய வியாபாரத்தை டச்சுக்காரர்கள் 'தாய் வணிகம்' என்றுதான் அழைத்தார்கள். மற்ற வணிகங்களுக்கெல்லாம் அதுவே அடிப்படை. கப்பல் தலைவன் சரியான விடையைத்தான் கொண்டுவந்தான். ஒரு வியாபாரிக்கே அது புரியவில்லை என்பதுதான் கதையின் குத்தல். மணலை எடுத்துவிட்டால் இதெல்லாம் போய், மிச்சம் ஒரு கெட்ட பொம்பளைக் கதை.

மணல்திட்டோடு சேர்த்து என் பெண்ணுக்குச் சொன்னேன். மோதிரத்தைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு: "கோதுமை குடுங்கன்னு கெஞ்சுனாங்களே, அவங்க ஊரும் தானேப்பா போச்சு? அவங்க என்ன பண்ணாங்க?"

சுருக்க வடிவங்களில் இந்தக் கேள்வியே எழாது. அதனால்தான் அவை படுக்கை நேரத்துக்கு வசதி. நான் பதில் சொல்ல முடியாமல், நாளைக்குச் சொல்றேன் என்று விளக்கை அணைத்தேன்.