தேசாதிபதியான சட்டத்தரணி: சிசெரோவின் சிலீசியாக் கடிதங்கள்

உரோமைக் குடியரசின் இறுதிக்காலத்துச் சட்டத்தரணிகளுள் தலையாயவர் சிசெரோ (கி.மு. 106–43). சிசிலியின் தேசாதிபதியாயிருந்து அம்மாகாணத்தைச் சூறையாடிய வெரெஸ் என்பவனுக்கெதிராகக் கி.மு. 70 இல் அவர் நடத்திய வழக்கே அவருக்கு அந்நிலையை ஈட்டிக்கொடுத்தது. தேசாதிபதியொருவனைக் குற்றஞ்சாட்டிப் புகழ்பெற்றவர், பத்தொன்பது ஆண்டுகளின் பின் தாமே தேசாதிபதியாக நேர்ந்தது.

அஃது அவர் வேண்டிப் பெற்ற பதவியன்று. கி.மு. 63 இல் கொன்சலாயிருந்த அவர் தமக்குரிய மாகாணத்தை ஏற்காது விட்டவர். உயர்பதவி வகித்து ஐந்தாண்டு கழிந்தவரே மாகாணங்களை ஆளலாமெனக் கி.மு. 52 இல் பொம்பேயி சட்டமியற்றவே, முன்னர் மாகாணம் ஆளாத பழைய கொன்சல்மாரை நாடவேண்டியதாயிற்று. இவ்வாறு கி.மு. 51 இல் சிலீசியா அவர் தலையில் விழுந்தது. சைப்பிரசுத் தீவும் அன்று அம்மாகாணத்துள் அடங்கியிருந்தது. பதவிக்காலம் ஓராண்டுக்குமேல் நீளலாகாதென்ற ஏக்கம், நண்பர் அத்திக்கசுக்கு அவர் எழுதிய கடிதங்களில் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றது.

இக்கடிதங்களை நேர்மையான ஆட்சிக்குச் சான்றாகக் கொள்வோர் உளர். அக்கூற்று முற்றிலும் தவறன்று. முன்னைய தேசாதிபதியால் நலிவுற்றிருந்த ஊர்கள்மீது சிசெரோ தமது செலவுகளைச் சுமத்தவில்லை. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 12 இனை விஞ்சலாகாதெனக் கட்டளையிட்டார். ஆயினும், சலாமிஸ் நகரின் கடன் பற்றிய கடிதங்களே இத்தொகுதியின் உயிர்நிலை எனலாம்.

அந்நகரத்தாரிடம் ஸ்கப்தியஸ் என்பவன் 48 வீத வட்டி கோரினான். முன்னைய ஆட்சியில் அவன் குதிரைப்படை கொண்டு நகரவையினரை மண்டபத்தில் அடைத்துவைக்க, ஐவர் பட்டினியால் மாண்டனர். சிசெரோ அப்படையைத் தீவைவிட்டு அகற்றினார். நகரத்தார் 12 வீதப்படி கணக்குத் தீர்க்க முன்வந்தனர். அவர்கள் கணக்கில் கடன் 106 தாலந்து. அவன் கேட்டதோ 200. பின்னரே, உண்மையில் கடன்கொடுத்தவர் அறநெறியாளரெனப் போற்றப்பட்ட புரூட்டஸ் என்பது வெளிப்பட்டது. அவ்விடத்தில் தேசாதிபதியின் உறுதி தளர்ந்தது. பணத்தைக் கோயிலில் வைப்பிட்டு வட்டியை நிறுத்த நகரத்தார் விரும்பியும், அவர் அதனைத் தடுத்து வழக்கைத் தீர்க்காமலே விட்டார். அடுத்த தேசாதிபதியின் காலத்தில் அவர்கள் கதி யாதாகுமென்ற ஐயமும் அவருக்கு இருந்தது.

வெரெசுக்கெதிரான உரைகளில் குற்றவாளி ஒருபுறமும் நீதி மறுபுறமும் ஐயந்திரிபற நிற்கின்றன. கடிதங்களில் அக்கோடு அழிந்துவிடுகின்றது. கொள்ளையடிப்பவன் தீயவனொருவன் மட்டுமல்லன், கற்றோரும் நண்பர்களும் பங்குகொண்ட ஓர் அமைப்பே கொள்ளையில் ஈடுபட்டிருந்தது என்பதை உரைகள் மறைக்கக் கடிதங்கள் காட்டிவிடுகின்றன. சட்டத்தரணியாக அவர் ஒருவனைத் தண்டிக்கச் செய்தார். தேசாதிபதியாக அவ்வமைப்பைத் தீண்டத் துணிந்தாரல்லர்.

எனினும், அத்திக்கசு அவ்விடயத்தில் புரூட்டசின் பக்கம் பரிந்துபேசியபோது, ஐவரின் சாவை நினைவூட்டி அவரையே இடித்துரைக்கச் சிசெரோ தவறவில்லை. தமது தளர்ச்சியையும் அவர் மறைத்தாரல்லர். குற்றத்துக்கு உடந்தையாகிய நல்லவரொருவரின் மனத்தை அவரது கையெழுத்திலேயே காட்டுவதால் இக்கடிதங்கள், மெருகேற்றப்பட்ட அவ்வுரைகளினும் மேலான இலக்கியமாகின்றன. சலாமிஸ் மக்களுக்கு அதனால் யாதொரு பயனும் விளையவில்லை என்பதும் உடன்வைத்து நோக்கற்பாலது.